சஷ்டி விரதம் இருக்கும் அம்மாவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீரகப் பரிசோதனை செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பது அவர் வழக்கம். முன்பு ஒருபொழுது இருந்தார். சில ஆண்டுகளாக மிளகும் தண்ணீரும் மட்டும்தான். போன ஆண்டு இரண்டாம் நாளிலிருந்து கடுமையான தலைவலி. வலி மாத்திரை போட்டுச் சமாளித்தார். ஐந்தாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்தவர் கண் இருட்டி விழுந்துவிட்டார். தண்ணீர் போதாததுதான் காரணம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, இந்த முறை தினமும் ஐந்து லிட்டர் தண்ணீரும் இரண்டு மூன்று இளநீரும் குடிக்கப் போவதாக அம்மா முடிவெடுத்திருக்கிறார். விரதத்தை விடச் சொன்னால் கேட்க மாட்டார். எவ்வளவு தண்ணீர் குடித்தால் பாதுகாப்பு? மாத்திரை அட்டைகளின் படத்தை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரை அட்டைகளின் படத்தை அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. அது இல்லாமல் பதில் எழுதியிருந்தால் "தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்" என்று பொதுவாக எழுதியிருப்பேன். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அந்த அறிவுரை ஆபத்தானது. ஐந்து லிட்டர் வேண்டவே வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு படித்தாலும் சரி, இதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

விரதம் என்றாலே எல்லோரும் தண்ணீர் குறைவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஒரு நாளில் நம் உடலுக்குள் போகும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சோறு, குழம்பு, காய்கறி, பழம் வழியாக வருகிறது. சாப்பாடு நின்றால் அதுவும் நிற்கிறது. ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்து உப்பும் நின்றுபோகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, பட்டினி தொடங்கிய முதல் சில நாட்களில் இன்சுலின் சுரப்பு தாழ்வதால், சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக உப்பை வெளியே விடுகிறது. மூன்றே நாளில் இரண்டு கிலோ குறைந்துவிட்டதாகச் சிலர் மகிழ்கிறார்கள். அதில் பெரும்பகுதி இப்படி வெளியேறிய உப்பும் நீரும்தான்.

இந்த நிலையில் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் என்ன ஆகும்? சிறுநீரகத்தால் தண்ணீரைத் தனியாக வெளியேற்ற முடியாது. ஒவ்வொரு லிட்டர் சிறுநீரிலும் கொஞ்சம் உப்பும், புரதத்திலிருந்து வரும் யூரியாவும் கரைந்திருக்க வேண்டும். மூன்று வேளையும் சாப்பிடும் ஆரோக்கியமான இளைஞருக்கு இவை தாராளமாகக் கிடைக்கும். ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல் குடித்தாலும் அவர் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அவரே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் அந்தத் திறன் நான்கைந்து லிட்டராகச் சுருங்கிவிடும். அறுபதைத் தாண்டியவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் தேறும். வெளியேற முடியாத தண்ணீர் இரத்தத்தில் தங்கிச் சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 125-க்குக் கீழே வேகமாக இறங்கினால் மூளை வீங்கத் தொடங்கும். குமட்டல், தலைவலி, தடுமாற்றம், குழறல், கடைசியில் வலிப்பு என்று அது முற்றும்.

ஒரு ஐப்பசி மாதத்தில், உங்கள் அம்மா வயதுள்ள ஒருவரை விரதத்தின் ஐந்தாம் நாள் இரவு அழைத்துவந்தார்கள். "தண்ணீரெல்லாம் குறையில்லாமல் குடித்தாள், டாக்டர்" என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. நாக்கு ஈரமாகத்தான் இருந்தது. சிறுநீர் தாராளமாகப் போயிருந்தது. ஆனால் அந்த அம்மாவுக்குத் தன் மகன் பெயர் தெரியவில்லை. "முருகா, முருகா" என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறார். வீட்டார் அதைப் பக்திப் பரவசம் என்று எண்ணிவிட்டார்கள். சோடியம் 114. இதை ஒரே நாளில் ஏற்றிச் சரிசெய்யவும் முடியாது. 24 மணி நேரத்தில் எட்டு, பத்து அலகுகளுக்கு மேல் ஏற்றினால் மூளைத் தண்டில் நிரந்தரச் சேதம் ஏற்படலாம். உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்து, மூன்று நாட்களில் மெல்ல மேலே கொண்டுவந்தோம். அவர் பிழைத்துத் தெளிவாக வீடு திரும்பினார். அவரும் உங்கள் அம்மா போடும் அதே வகை மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் அட்டையைப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் தனியாக ஒரு 'எச்' இருக்கும். டெல்மிசார்டான் என்ற இரத்த அழுத்த மருந்துடன் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. நாம் பேச்சில் நீர் மாத்திரை என்போமே, அந்த வகை. சாதாரண நாட்களில் நல்ல மருந்து. நானே பலருக்கு எழுதுகிறேன். ஆனால் அது உப்பைச் சிறுநீரில் தள்ளுவதோடு, உபரித் தண்ணீரை வெளியேற்றும் திறனையும் குறைக்கிறது. சாப்பாடு இல்லை, உப்பு இல்லை, நீர் மாத்திரை உண்டு, ஐந்து லிட்டர் வெறும் தண்ணீரும் உண்டு என்றால், சோடியம் சரிவதற்கு வேண்டியதெல்லாம் அங்கே கூடிவிட்டது. குளோர்தாலிடோன், இண்டாபமைடு என்ற பெயர்கள் உள்ள மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது அட்டை மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரையை அவ்வளவாகத் தாழ்த்தாது. கிளிமெபிரைடு அப்படியில்லை, வயிற்றில் ஒன்றுமில்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். போன ஆண்டு ஐந்தாம் நாள் விழுந்ததற்குச் சர்க்கரை தாழ்ந்ததும் காரணமாக இருந்திருக்கலாம். அன்று யாராவது விரலில் ஊசி குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உப்பும் நீரும் சேர்ந்து குறைந்திருந்தாலும், படுக்கையிலிருந்து சட்டென எழும்போது இரத்த அழுத்தம் சரிந்து இப்படித்தான் கண் இருட்டும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி சரியாக இருக்கக்கூடும். ஆனால் அதற்கு மருந்து வெறும் தண்ணீர் இல்லை.

இளநீரைக் குறித்து எழுதும்போது எனக்கே தயக்கமாக இருக்கிறது. அவ்வளவு நல்ல பெயர் அதற்கு. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது நல்ல பானம்தான். ஆனால் அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். ஒரு நடுத்தர இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை உடலில் தங்க வைப்பவை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருப்பவரின் சிறுநீரகம் தெரியாமலே பழுதுபட்டிருக்கலாம். அதோடு தினமும் மூன்று இளநீர் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் சரியாக உள்ளன என்று பரிசோதனை சொன்னால் ஒரு நாளைக்கு ஒரு இளநீர் தாராளமாகக் குடிக்கட்டும். பார்க்காதவரை வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்கும் பாக்கெட்டிலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது. அதையும் அவர் தவிர்க்க வேண்டும். இந்துப்பு பரவாயில்லை, அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்புதான்.

தலைவலிக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டால், என் முதல் சந்தேகம் காபி மீது. உங்கள் அம்மா காபி குடிப்பாரா என்று எழுதவில்லை. நம் வீடுகளில் இரண்டு மூன்று வேளை டிகாக்‌ஷன் காபி குடித்துப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். காபிப் பழக்கம் இருந்தால் விரதத்துக்கு பத்து நாள் முன்பிருந்தே ஒவ்வொரு வேளையாகக் குறைத்துவந்தால் போதும். அந்தத் தலைவலிக்கு அவர் போட்ட வலி மாத்திரைதான் என்னை உண்மையில் கலங்க வைக்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும், நீர் வற்றிய உடலில் ஒன்று சேர்ந்தால் ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். விரத நாட்களில் இந்த மாத்திரைகள் வீட்டிலேயே இருக்கக் கூடாது. தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று. அதற்கும் அடங்காத தலைவலி என்றால் மருத்துவமனை.

இனி, என்ன செய்யலாம்? விரதத்தை விடச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. ஆனால் மிளகும் தண்ணீரும் மட்டும் கொண்ட ஆறு நாள், இந்த வயதில், இந்த மாத்திரைகளோடு அவருக்கு ஏற்றதில்லை. ஒருபொழுது, பாலும் பழமும், இளநீர், மிளகு என்று சஷ்டி விரதத்தில் பல படிகள் உண்டு. எல்லாமே முருகனுக்கு இருக்கும் விரதம்தான். உடல்நிலைக்கு ஏற்ற படியைத் தேர்ந்துகொள்ள நம் பெரியவர்கள் எப்போதும் இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அம்மா பல ஆண்டுகள் இருந்த ஒருபொழுது விரதத்துக்கே திரும்பட்டும் என்பது என் விருப்பம். பகலில் ஒரு வேளை உப்பு சேர்ந்த எளிய சாப்பாடு, மற்ற வேளைகளில் பால் அல்லது மோர். இதுவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

தண்ணீர் அளவைக் கேட்டிருந்தீர்கள். சிறுநீரக நோயும் இதயப் பலவீனமும் இல்லை என்று உறுதியானால், பால், மோர், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். வீட்டில் இருக்கும் ஒரு லிட்டர் சொம்பை எடுத்து வையுங்கள். அளவு கண்ணுக்குத் தெரியும். ஒரே மூச்சில் குடிக்காமல், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை அரை டம்ளர். இதில் மூன்று டம்ளராவது உப்புப் போட்ட நீர்மோராக இருக்கட்டும். மூன்றுக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பா என்று நீங்கள் திகைக்கலாம். அரைத் தேக்கரண்டி என்பது சுமார் 3 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, சாப்பாட்டிலுள்ளதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக. ஒருபொழுதுச் சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து அந்த எல்லைக்கு அருகில் நிற்கும். உப்பே சேர்க்காமல் விரதம் இருப்பவர்களும் உண்டு. அப்படி இருப்பவர்கள் வெறும் தண்ணீரை இன்னும் அளவாகக் குடிக்க வேண்டும். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த வகை விரதத்தையே தவிர்க்க வேண்டும்.

மயக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் தேவைப்படும். உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாய்பாட்டில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கும். பழச்சாறு போன்ற இனிப்பு பானங்கள் பல காலம் அதே பெயரைப் போட்டுக்கொண்டு மருந்துக் கடைகளில் விற்றன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது. பழைய சரக்கு கைக்கு வந்தால் வாங்காதீர்கள். உறை கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், எல்லாம் தலைதட்டி அளந்து கரைத்தால் போதும். சர்க்கரை நோயாளிக்கு இதைத் தரலாமா என்று தயங்க வேண்டாம். நீர் வற்றிய நேரத்தில் தரலாம். தந்துவிட்டு இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

ஒரு குளுக்கோமீட்டரும் கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவியும் வீட்டில் இருப்பது நல்லது. ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதால் விரதம் கெட்டுப்போவதில்லை. ரம்ஜான் நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்காக மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல் ஒன்று உண்டு: சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ உடனே நோன்பைத் துறந்துவிட வேண்டும். அதே எல்லையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தைக் காலையில் உட்கார்ந்தபடி ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் உடலில் உப்பும் நீரும் போதவில்லை என்று கொள்ளலாம். அன்றைக்கு மோரைக் கூட்டி, மருத்துவரிடம் பேசி, மாத்திரையைக் குறைக்க வேண்டும்.

சிறுநீரின் நிறத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். கட்டி மஞ்சளாகி அளவும் குறைந்தால் நீர் போதவில்லை. வெளிர் மஞ்சள் சரி. நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் போல ஓயாமல் போனால் பலரும் நல்லது என்று நினைக்கிறார்கள். சாப்பிடாத நாளில் அது குடிப்பதை நிறுத்தச் சொல்லும் அறிகுறி. தாகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, வயதாக ஆகத் தாக உணர்வு மழுங்கிவிடும். பேச்சு குழறினாலோ, நாள் கிழமை தெரியாமல் தடுமாறினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, நெஞ்சு படபடத்துச் சோர்ந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். அப்போது வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போவீர்களா என்று எழுதவில்லை. போவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் கழிப்பறை தேடி அலைய வேண்டுமே என்பதற்காகவே பெண்கள் விடியற்காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாலை வரை கடற்கரை மணலில் நிற்கிறார்கள். இதை எத்தனையோ பேர் என்னிடம் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் குறையில்லை அது. ஆனால் ஆறாம் நாள், உடல் மிகவும் தளர்ந்திருக்கும் நாள். தங்குமிடத்தையும் கழிப்பறையையும் முதலில் உறுதி செய்துகொண்டு, மோரைப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு, நிழலில் உட்கார இடம் பார்த்து அழைத்துப்போங்கள். இதற்கெல்லாம் வழியில்லை என்றால் இந்த ஆண்டு தொலைக்காட்சி நேரலையில் பார்க்கட்டும்.

நான் சொல்லியும் கேட்காமல் அவர் மிளகு விரதமே இருந்துவிட்டால், ஏழாம் நாள் திருக்கல்யாண விருந்தில் வடை பாயசத்தோடு இலை முன் உட்கார வைத்துவிடாதீர்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாத உடலில் திடீரென மாவுச்சத்து நிறையப் போனால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு இதயமும் தசைகளும் தளர்ந்துபோகும். முதல் நாள் அரை டம்ளர் கஞ்சி, மோர், பாசிப்பருப்பு சேர்த்துக் குழைத்த சோறு ஒரு கரண்டி என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. வழக்கமான அளவுக்கு வர மூன்று நாள் எடுத்துக்கொள்ளட்டும்.

மாத்திரைகள் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்றவும் வேண்டாம். ஐப்பசி அமாவாசைக்கு ஒரு மாதம் முன்பே அம்மாவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். 'எச்' இல்லாத மாத்திரைக்கு மாற்றலாமா, கிளிமெபிரைடை அந்த நாட்களில் நிறுத்திவைக்கலாமா அல்லது சாப்பிடும் வேளைக்குக் குறைந்த அளவில் தரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டுக்கும் சம்மதிப்பார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை புதிதாகச் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பட்டினியில் அவை சர்க்கரை ஏறாமலேயே இரத்தத்தை அமிலமாக்கக்கூடியவை, விரதத்துக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

மருத்துவர் முன் அம்மாவையே பேச விடுங்கள். ஏன் விரதம் இருக்கிறார், யாருக்காக வேண்டிக்கொண்டார், ஒருபொழுது என்றால் மனம் ஒப்புமா என்பதை அவர் வாயால் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் தடை போடுவதாகத் தோன்றும். மருத்துவரும் அவரும் உட்கார்ந்து ஆறு நாளுக்கும் மாத்திரை, மோர், தண்ணீர், சாப்பாட்டு நேரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் அது அவருடைய திட்டமாகிவிடும். அந்தத் தாளைப் பூஜை அறையிலேயே ஒட்டிவையுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். இளநீர் குடிக்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.